ஆப்பிள் 2 கார்டுகள்: பொருந்துவதெல்லாம் ஓடாது

ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் ஸ்லாட்டில் செருகும் கார்டு எதை விற்றாலும் "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுவது பழைய கம்ப்யூட்டர் சந்தையின் வழக்கம். பொருந்தத்தான் செய்யும். 1977-இல் வந்த முதல் ஆப்பிள் 2, 1979-இன் 2 பிளஸ், 1983-இன் 2இ, 1986-இன் 2ஜிஎஸ் என நான்கிலும் அதே 50 பின் ஸ்லாட்தான். ஆனால் பிராசஸர் மாறியிருக்கிறது, ரோம் (அழியாத நிரல் இருக்கும் சிப்) மாறியிருக்கிறது, ஒவ்வொரு ஸ்லாட்டையும் யார் ஆள்வது என்பது மாறியிருக்கிறது, ஓரிரு பின்னின் வேலையும் மாறியிருக்கிறது. கார்டின் பெயரைப் பார்த்து வாங்காமல், தன்னிடம் இருக்கும் மதர்போர்டு எந்த ரகம் என்று பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை போய்விடும். இன்றைக்குப் பழசாகவும் புதிதாகவும் கிடைக்கிற முக்கியமான கார்டுகளை அந்தக் கணக்கில் எடைபோடுவதுதான் இந்த விமர்சனம்.

2சி வைத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: அதில் ஸ்லாட்டே இல்லை. சீரியல் போர்ட், 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) திரை, மவுஸ், டிஸ்க் எல்லாம் ஸ்லாட்டில் கார்டு செருகியிருப்பதுபோல ரோம் நடிக்கிறது, அவ்வளவுதான். அதற்கு வெளியே இருந்து டிஸ்க் போர்ட்டில் மாட்டும் சாதனங்கள் மட்டுமே வழி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே வருகிறது.

முதலில் மெஷினை அடையாளம் காணுங்கள். 2இ-ஐ ஆன் செய்ததும் திரையின் மேலே ஆப்பிள் என்ற பெயருக்குப் பின்னால் ][ என்று வந்தால் அது பழைய 2இ. //இ என்று வந்தால் 1985-இல் வந்த என்ஹான்ஸ்டு. இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு சிப்: 6502 பிராசஸருக்குப் பதில் 65சி02, இரண்டு புது ரோம், எழுத்து வடிவங்கள் இருக்கும் ஒரு ரோம். 2ஜிஎஸ்-இல் ஆன் செய்யும்போது திரையின் அடியில் ரோம் வெர்ஷன் எண் வரும். 01, 3 இரண்டும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். 2இ-இன் போர்டில் பின்பக்கம் 820-0064 என்ற எண்ணுக்குப் பின்னால் ஏ, பி எது இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த ஒற்றை எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது 80 காலம் கார்டு பற்றிச் சொல்லும்போது தெரியும்.

ஸ்லாட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் மூன்று விதமான இடம் உண்டு. தனக்கே உரிய 16 பைட், கார்டு தன் ரெஜிஸ்டர்களை வைப்பதற்கு. தனக்கே உரிய 256 பைட், கார்டின் ரோம் காட்சி தருவதற்கு. மூன்றாவதாக முகவரி 51200 முதல் 53247 வரை உள்ள 2 கிலோபைட். இது எல்லாக் கார்டுக்கும் பொது. ஒரு கார்டு பேசும்போது மற்றவை இந்தப் பொது இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 53247-ஐத் தொட்டால் எல்லாக் கார்டும் கையை எடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆப்பிளின் சொந்தக் கார்டுகள் இதை மதிக்கும். எண்பதுகளில் வந்த மலிவு குளோன் கார்டுகளில் சில மதிக்காது. டிஸ்க் நன்றாக ஓடும், பிரிண்டருக்கு அனுப்பியதும் மெஷின் உறைந்துவிடும், பிரிண்டர் கார்டைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் இந்த 2 கிலோபைட்தான். ஸ்லாட் மாற்றிச் செருகினால் தீராது. இரண்டில் ஒரு கார்டை மாற்றியே ஆகவேண்டும்.

டிஸ்க் கார்டுகள்

டிஸ்க் 2 கன்ட்ரோலர்தான் இந்த வரிசையிலேயே மிகவும் ஒத்துப்போகும் கார்டு. முதல் ஆப்பிள் 2 முதல் 2ஜிஎஸ் வரை எதிலும் ஓடும். 6-ஆம் ஸ்லாட் மரபு. காப்பி பாதுகாப்பு உள்ள பழைய டிஸ்க்குகள் பல அந்த ஸ்லாட்டைத் தவிர வேறு எங்கும் பார்க்காது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, கார்டில் உள்ள இரண்டு பிராம் சிப். 341-0009 இருந்தால் அது 13 செக்டர் காலத்துக் கார்டு, டாஸ் 3.3 (ஆப்பிளின் டிஸ்க் இயக்க மென்பொருள்) டிஸ்க் பூட் ஆகாது. 341-0027, 341-0028 இரண்டும் இருந்தால் 16 செக்டர், அதுதான் வேண்டும்.

இரண்டாவதில்தான் ஆபத்து. டிரைவிலிருந்து வரும் 20 பின் பட்டை கேபிள் கார்டின் பின்களில் மாட்டும் இடத்தில் சுற்றுச்சுவரும் கிடையாது, தப்பாக மாட்டவிடாத வெட்டும் கிடையாது. ஒரு பின் தள்ளி மாட்டி ஆன் செய்தால் டிரைவின் உள்ளே அனலாக் போர்டில் உள்ள 74எல்எஸ்125 சிப் போய்விடும். விளக்கு எரியும், மோட்டார் சுற்றும், ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்காது. "டிரைவ் வேலை செய்யவில்லை" என்று மலிவாக விற்கப்படுவதில் கணிசமானவை இந்த ரகம்தான். சிப்பின் விலை சொற்பம், சாக்கெட்டில்தான் இருக்கும், பிடுங்கி மாற்றலாம். மாட்டும்போது இரண்டு ஓரத்திலும் பின் எதுவும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

2ஜிஎஸ்-இல் இந்தக் கார்டைச் செருகினால் மட்டும் போதாது. கன்ட்ரோல், ஓப்பன் ஆப்பிள், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி கன்ட்ரோல் பேனலுக்குப் போய், ஸ்லாட் 6-ஐ உள்ளமைந்த டிஸ்க் போர்ட்டிலிருந்து "உங்கள் கார்டு" என்பதற்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் பின்பக்கத்து டிஸ்க் போர்ட்டில் உள்ள 5.25 டிரைவ் மறைந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க் கார்டுகளும் ஸ்மார்ட்போர்ட் (தனி மூளை உள்ள டிஸ்க் சாதனங்களோடு பேசும் ஆப்பிளின் முறை) கார்டுகளும். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மெஷின் ஆன் ஆனதும் ரோம் 7-ஆம் ஸ்லாட்டிலிருந்து கீழ்நோக்கித் தேடிக்கொண்டு வரும். கார்டின் ரோமில் குறிப்பிட்ட சில பைட்டுகள் இருந்தால் அதுதான் பூட் ஆகும் கார்டு என்று முடிவு செய்யும். 2 பிளஸும் பழைய 2இ-யும் இதில் நான்கு பைட்டைப் பார்க்கும். நான்காவது 60 என்று இருக்க வேண்டும், அது டிஸ்க் 2-இன் அடையாளம். ஸ்மார்ட்போர்ட் கார்டில் அந்த இடத்தில் 0 இருக்கும். என்ஹான்ஸ்டு 2இ-யும் 2ஜிஎஸ்-உம் அந்த நான்காவது பைட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே ஒரே கார்டு, ஒரே ஸ்லாட். என்ஹான்ஸ்டில் தானாக பூட் ஆகும், 2 பிளஸில் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போய் 6-ஆம் ஸ்லாட்டின் டிரைவைச் சுற்ற ஆரம்பித்துவிடும். கார்டு பழுது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். கன்ட்ரோல் ரீசெட் அழுத்தி, பேசிக்கின் ] குறி வந்ததும் பிஆர்#7 (PR#7) என்று அடியுங்கள், பூட் ஆகிவிடும். சில புதுக் கார்டுகளில் இந்த பைட்டை மாற்றிக்கொள்ள ஜம்பரோ மெனுவோ இருக்கும். 2 பிளஸ்காரர்கள் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. ஆட்டோஸ்டார்ட் ரோம் இல்லாத முதல் ஆப்பிள் 2-இல் எந்தக் கார்டும் தானாக பூட் ஆகாது. ரீசெட் அழுத்தி, * குறி வந்ததும் 6 அடித்து, கன்ட்ரோல்-பி (P), ரிட்டர்ன்.

இன்னொரு தடை பிராசஸர். கார்டின் ரோமை எழுதியவர் 65சி02-இன் புதுக் கட்டளைகளைப் பயன்படுத்தியிருந்தால் 6502-இல் அது கவிழும். பூட் ஆகத் தொடங்கி உடனே மானிட்டர் என்ற ரோம் நிரலுக்குள் விழுந்து நான்கைந்து எண்களைக் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய 2இ-க்கு நான்கு சிப்பையும் மாற்றி என்ஹான்ஸ்டு ஆக்கிவிடுவது நல்ல முதலீடு. கார்டுகளில் பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். 65சி02-ஐ மட்டும் மாற்றினால் கட்டளைப் பிரச்சினை தீரும், பூட் தேடல் பிரச்சினை தீராது, ஏனென்றால் அது ரோமில் இருக்கிறது. 2 பிளஸில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பஸ் (பிராசஸரையும் கார்டுகளையும் இணைக்கும் கோடுகள்) டைமிங் ஒத்துவராமல் பல போர்டுகளில் 65சி02 ஓடாது. ஆப்பிள் 2-இன் இயக்க மென்பொருளான புரோடாஸ் பக்கம் நிலைமை இப்போது பரவாயில்லை. 2.0 வரிசை 65சி02 கேட்கும், 2016-இல் வந்த 2.4 பழைய 6502-இலும் ஓடும். ஆனால் 64 கிலோபைட் ரேம் இருந்தே ஆகவேண்டும்.

ஃப்ளாப்பி ஈமு பற்றி. எஸ்டி கார்டில் உள்ள டிஸ்க் இமேஜ்களை டிரைவ்போல நடிக்கவைக்கும் சிறிய பெட்டி இது, பிக் மெஸ் ஓ வயர்ஸ் தயாரிப்பு. 5.25 முறையில் வைத்தால் சாதாரண டிஸ்க் 2 கன்ட்ரோலரோடு எந்த மாடலிலும் ஓடும், இதில் குறையே சொல்ல முடியாது. வாங்குபவர்களின் கண் ஆனால் ஹார்ட் டிஸ்க் முறை மேல்தான் இருக்கும். அதற்கு ஸ்மார்ட்போர்ட் பேசும் கன்ட்ரோலர் வேண்டும். டிஸ்க் 2 கார்டு ஸ்மார்ட்போர்ட் பேசாது. 2ஜிஎஸ்-இன் பின்பக்கப் போர்ட் பேசும். 2இ-க்கு யூனிடிஸ்க் 3.5-க்காக ஆப்பிள் போட்ட லிரான் கார்டு வேண்டும், அல்லது அதே பிக் மெஸ் ஓ வயர்ஸின் யெல்லோஸ்டோன். 2சி-இல் ரோம் வெர்ஷனைப் பொறுத்தது: பேசிக்கில் முகவரி 64447-ஐ பீக் செய்து (அதில் உள்ள எண்ணைப் படித்து) பாருங்கள். 255 வந்தால் அது முதல் ரோம், ஸ்மார்ட்போர்ட் இல்லை. 0, 3, 4 வந்தால் உண்டு. 5 வந்தால் உங்களிடம் இருப்பது 2சி பிளஸ்.

யெல்லோஸ்டோன் கார்டை இந்த விமர்சனத்தில் தயங்காமல் பரிந்துரைக்கலாம். எஃப்பிஜிஏ (உள்ளமைப்பை மாற்றி எழுதக்கூடிய சிப்) ஒன்றை வைத்துக்கொண்டு டிஸ்க் 2 ரகம், யூனிடிஸ்க் போன்ற ஸ்மார்ட்போர்ட் ரகம், சொந்த மூளை இல்லாத ஆப்பிள் 3.5 ரகம் மூன்றையும் ஓட்டும். இந்த மூன்றாவதன் அருமை 2இ வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். யூனிடிஸ்க் 3.5-உம் ஆப்பிள் 3.5 டிரைவும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பிபோல இருக்கும். முன்னதற்குள் தனி பிராசஸர் உண்டு, லிரானோடு பேசும். பின்னதற்கு இல்லை, 2ஜிஎஸ், 2சி பிளஸ் இரண்டிலும் நேரே ஓடும், 2இ-இல் லிரானோடு மாட்டினால் ஓடாது. அதை 2இ-இல் ஓட்ட ஆப்பிளே 1991-இல் ஒரு கார்டு போட்டது. அபூர்வம், விலையும் அப்படித்தான். யெல்லோஸ்டோன் வந்த பிறகு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

3-ஆம் ஸ்லாட்டும் ஆக்ஸிலியரி ஸ்லாட்டும்

2 பிளஸில் 80 காலம் திரை வேண்டுமென்றால் விடெக்ஸ் விடியோடெர்ம் போன்ற கார்டை 3-ஆம் ஸ்லாட்டில் செருகுவார்கள். 2இ-இல் ஆப்பிள் அந்த வேலைக்கென்றே 60 பின் ஆக்ஸிலியரி ஸ்லாட்டைத் தனியாக வைத்துவிட்டது. அதில் கார்டு இருந்தால் 3-ஆம் ஸ்லாட்டின் 256 பைட் ரோம் இடத்தை மெஷினின் உள் ரோமே எடுத்துக்கொள்ளும். 3-ஆம் ஸ்லாட்டில் நீங்கள் எந்தக் கார்டைச் செருகினாலும் அதன் ரோம் கண்ணுக்குத் தெரியாது. அதன் 16 பைட் ரெஜிஸ்டர் இடம் மட்டும் தொடர்ந்து வேலை செய்யும். ஹார்ட் டிஸ்க் கார்டையோ சீரியல் கார்டையோ 3-இல் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ரோமே இல்லாத கார்டுக்கு அதே ஸ்லாட் அருமையான இடம். யுதர்நெட் 2 நெட்வொர்க் கார்டு அப்படிப்பட்டது. டபிள்யூ5100 சிப்பை நான்கே முகவரிகள் வழியாக இயக்கும், பூட் ரோம் கிடையாது. 2இ, 2ஜிஎஸ் இரண்டிலும் 3-இல் செருகினால் மற்ற ஸ்லாட்கள் காலியாகக் கிடைக்கும், 2ஜிஎஸ்-இல் கன்ட்ரோல் பேனலைத் தொடவும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை: பழைய யுதர்நெட் வேறு சிப்பில் ஆனது. அதற்கு எழுதிய மென்பொருள் இதற்கு ஆகாது.

ஆக்ஸிலியரி ஸ்லாட்டில் எல்லோரும் தேடுவது எக்ஸ்டெண்டட் 80 காலம் கார்டு, அதாவது கூடுதலாக 64 கிலோபைட். அந்தக் கார்டில் இரண்டு பின்னை இணைக்கும் ஒரு ஜம்பர் இருக்கும். டபுள் ஹைரெஸ் கிராஃபிக்ஸுக்காக ஆக்ஸிலியரி ஸ்லாட்டின் 50-ஆம் பின்னையும் 55-ஆம் பின்னையும் சேர்ப்பது. ரிவிஷன் பி போர்டில் அது இருக்க வேண்டும். ரிவிஷன் ஏ போர்டில் அது இருந்தால் மெஷினே எழுந்திருக்காது. ஏ போர்டில் ஜம்பரைக் கழற்றிவிட்டால் 128 கிலோபைட் ரேமும் 80 காலமும் கிடைக்கும், டபுள் ஹைரெஸ் மட்டும் கிடைக்காது. கார்டை மாற்றியதும் திரை குப்பையாக நிற்கிறதே என்று பயந்து போர்டைப் பழுது பார்க்க அனுப்புமுன், அந்த எழுத்தையும் ஜம்பரையும் பாருங்கள்.

அப்ளைடு இன்ஜினியரிங்கின் ராம்வொர்க்ஸ் 3 இதே ஸ்லாட்டில் கார்டிலேயே 1 மெகாபைட் வரை தரும். 2இ-க்கு நல்ல கார்டு. 2ஜிஎஸ்-இல் ஆக்ஸிலியரி ஸ்லாட் இல்லாததால் அங்கே இதற்கு வேலையில்லை. 2 பிளஸிலும் இல்லை. இடம்பெயரக்கூடிய ரேம் வேண்டுமென்றால் ஆப்பிளின் ஸ்லிங்கி ரகக் கார்டு, அதாவது சாதாரண ஸ்லாட்டில் உட்காரும் மெமரி எக்ஸ்பான்ஷன் கார்டு எடுங்கள். அது ரேம் டிஸ்க்காகத் தெரியும், பிளஸிலிருந்து ஜிஎஸ் வரை எங்கும் ஓடும்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் வாங்கும் 2இ-இல் இன்னொன்று. அமெரிக்கப் போர்டில் ஆக்ஸிலியரி ஸ்லாட் இடது ஓரத்தில், பவர் சப்ளையை ஒட்டி இருக்கும். பிஏஎல் டிவி முறைக்கான போர்டில் அது 3-ஆம் ஸ்லாட்டுக்கு நேர் முன்னால், ஒரே கோட்டில் இருக்கிறது. இரண்டிலும் முழு நீளக் கார்டு ஒரே நேரத்தில் உட்காராது. மேலே யுதர்நெட்டுக்குச் சொன்ன யோசனை அங்கே கார்டின் நீளத்தைப் பொறுத்தது. விற்பவரிடம் மில்லிமீட்டரில் அளவு கேளுங்கள். அதேபோல ஐரோப்பாவுக்கு விற்ற 2 பிளஸில் கலர் வேண்டுமென்றால் 7-ஆம் ஸ்லாட்டை ஒரு கலர் கார்டு பிடித்துக்கொள்ளும். கலர் சிக்னலுக்கான 35-ஆம் பின் அந்த ஒரு ஸ்லாட்டில்தான் உண்டு என்பதால் கலர் கார்டை வேறு இடத்துக்கு நகர்த்த முடியாது, ஹார்ட் டிஸ்க் கார்டைத்தான் 5-க்கு அனுப்ப வேண்டும்.

2 பிளஸ்காரர்களுக்கு 0-ஆம் ஸ்லாட் இருக்கிறது. 16 கிலோபைட் லாங்குவேஜ் கார்டு போட்டு 64 ஆக்குவது அதில்தான். ஆப்பிளின் அசல் கார்டில் ஒரு பட்டை கேபிள் வரும். மதர்போர்டில் ஒரு ரேம் சிப்பைப் பிடுங்கி அந்தச் சாக்கெட்டில் அதைச் செருக வேண்டும். கேபிள் இல்லாமல் கார்டு மட்டும் விற்றால் வாங்காதீர்கள். 2இ-இல் இந்த 16 கிலோபைட் உள்ளேயே இருக்கிறது, 0-ஆம் ஸ்லாட்டும் கிடையாது. அங்கே லாங்குவேஜ் கார்டு அலமாரிக்குத்தான் ஆகும்.

ஒலி, சீரியல், சிபி/எம்

மாக்கிங்போர்டு ஒலிக் கார்டு கேட்காத 2இ ரசிகர் இல்லை. 6522 சிப் இரண்டு, ஒலி சிப் இரண்டு. பூட் ரோம் கிடையாது. கேம்கள் பெரும்பாலும் 4-ஆம் ஸ்லாட்டில்தான் தேடும், ஆகவே 4-ஐ இதற்கே கொடுத்துவிடுங்கள். ஆப்பிள் மவுஸ் கார்டும் 4-ஐத்தான் கேட்கும் என்றாலும், ஒழுங்காக எழுதிய மவுஸ் மென்பொருள் அடையாள பைட்டுகளை வைத்து ஸ்லாட்டைத் தேடிக் கண்டுபிடிக்கும். அதை 5-க்கோ 2-க்கோ நகர்த்தலாம். 2ஜிஎஸ்-இல் 4-ஐ "உங்கள் கார்டு" ஆக்கினால்தான் ஒலி வரும். அப்படி ஆக்கினால் 4-இல் உள்ளமைந்த மவுஸ் ரோமைத் தேடும் 8 பிட் நிரல்களுக்கு மவுஸ் கிடைக்காது. கேம் விளையாடும் நாளில் ஒரு அமைப்பு, மற்ற நாளில் வேறு அமைப்பு என்று வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

புதிதாகச் செய்யப்படும் மாக்கிங்போர்டு குளோன்களில் 6522-இன் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டபிள்யூ65சி22 வரிசையில் என், எஸ் என்று இரண்டு வகை உண்டு. என் வகையின் இன்டரப்ட் (பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல்) பின் பழைய 6522 மாதிரியே கோட்டைக் கீழே இழுக்க மட்டும் செய்யும், பல சிப் ஒரே கோட்டைப் பகிரலாம். எஸ் வகை மேலேயும் தள்ளும். ஒரே கோட்டில் ஒரு சிப் மேலே தள்ள, இன்னொரு சிப் கீழே இழுக்க, இன்டரப்ட் தொலையும், சிப்பும் சூடாகும். எஸ் வகை போட்டிருந்தால் இடையில் டயோடோ கேட்டோ வைத்த டிசைனா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

சூப்பர் சீரியல் கார்டு 1981-இலிருந்து இருக்கிறது, இன்றைக்கும் வாங்கத் தகுந்தது. டிஸ்க் இமேஜ்களை பிசியிலிருந்து ஏற்றும் ஏடிடிபுரோ இதன் வழியாக அழகாக ஓடும். தொல்லை கொடுப்பது நடுவில் உள்ள முக்கோணக் குறி போட்ட ஜம்பர் பிளாக். குறி மோடம் பக்கம் இருந்தால் பிசியோடு சேர்க்க நல்-மோடம் (அனுப்பும், வாங்கும் கோடுகள் குறுக்காக மாறிய) கேபிள் வேண்டும். டெர்மினல் பக்கம் திருப்பிச் செருகினால் நேர் கேபிள் போதும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் குறுக்கு இரண்டு முறை ஆகி, ஒன்றும் வராது. 2ஜிஎஸ்-இல் சீரியல் போர்ட் இருக்கும்போது இந்தக் கார்டு எதற்கு என்று தோன்றும். பழைய தொடர்பு மென்பொருள் பல 6551 சிப்பை நேரடியாகத் தொடும்; ஜிஎஸ்-இன் உள்ளே இருப்பது ஸைலாக் 8530. அந்த மென்பொருள் வேண்டுமென்றால் ஸ்லாட் 2-இல் இந்தக் கார்டைப் போட்டு "உங்கள் கார்டு" ஆக்குவதுதான் வழி. கிராப்ளர் பிளஸ் பிரிண்டர் கார்டு 1-இல் உட்கார்ந்து சமர்த்தாக வேலை செய்யும், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மைக்ரோசாஃப்ட்டின் இஸட்-80 சாஃப்ட்கார்டு 1980-இல் வந்தது. சிபி/எம் (இஸட்-80-இல் ஓடும் பழைய இயக்க மென்பொருள்) ஓட்ட ஆசைப்படுபவர்கள் ஸ்லாட் வரிசையை முன்பே காலி செய்து வைக்க வேண்டும்: 6-இல் டிஸ்க், 3-இல் திரை, 1-இல் பிரிண்டர் என்று அது எதிர்பார்க்கும், கார்டு வழக்கமாக 4-இல். பஸ்ஸைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் கார்டு இது. டிஎம்ஏ (பிராசஸர் இல்லாமல் நேரே ரேமைத் தொடுவது), இன்டரப்ட் முன்னுரிமைச் சங்கிலிகள் 24, 27, 23, 28 ஆகிய பின்கள் வழியாக ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்குப் போகின்றன. நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இப்படிப்பட்ட கார்டு இரண்டு இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். மாக்கிங்போர்டுக்கும் சாஃப்ட்கார்டுக்கும் 4-ஆம் ஸ்லாட்டில் சண்டை வரும். இரண்டையும் விரும்புபவர் இரண்டு மெஷின் வைத்துக்கொள்வதே மேல்.

2ஜிஎஸ் தனிக் கதை

ஜிஎஸ்-இல் ஏழு ஸ்லாட்டும் பார்வைக்குக் காலியாக இருக்கும். உண்மையில் 1 முதல் 7 வரை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு உள்ளமைந்த போர்ட் ஒளிந்திருக்கிறது: பிரிண்டர், மோடம், திரை, மவுஸ், ஸ்மார்ட்போர்ட், 5.25 டிஸ்க், ஏழாவதாக ஆப்பிளின் நெட்வொர்க் முறையான ஆப்பிள்டாக். ஒரு ஸ்லாட்டைக் கார்டுக்குக் கொடுத்தால் அதற்குரிய போர்ட் போய்விடும். ரோம் 01-இல் ஆப்பிள்டாக் வேண்டுமென்றால் 7-ஐயும் இழந்து, 1 அல்லது 2-ஐ "உங்கள் கார்டு" என்றும் வைக்க வேண்டும். ரோம் 3-இல் அந்த அநியாயம் நீங்கிவிட்டது, ஆப்பிள்டாக் 1-இலோ 2-இலோ அடங்கும், 7 ஹார்ட் டிஸ்க்குக்கு மிஞ்சும். நெட்வொர்க்கும் எஸ்சிஎஸ்ஐ-யும் (ஹார்ட் டிஸ்க் இணைக்கும் முறை) இரண்டும் வேண்டுபவர்கள் ரோம் 3 மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

முகவரிக் கோடுகளைத் தானே கவனித்துப் புரிந்துகொள்ளும் கார்டுகள் ஜிஎஸ்-இல் குழம்பும். பழைய மாடல்களில் 64 கிலோபைட் முகவரி மட்டுமே உண்டு. ஜிஎஸ்-இல் 16 மெகாபைட் முகவரி வெளி. ஸ்லாட்டுக்கு வருவது அதன் கீழ் 16 பிட் மட்டும். எந்த பேங்க் (64 கிலோபைட் பகுதி) என்று தெரியாமல் கார்டு ஏமாறும். இதற்காகவே 39-ஆம் பின்னில் எம்2செல் என்ற சிக்னலை ஆப்பிள் கொடுத்தது, 3-ஆம் ஸ்லாட்டின் 35-ஆம் பின்னில் எம்2பி0. பஸ்ஸை ஒட்டுக்கேட்டுப் படம் காட்டும் விட்எச்டி போன்ற எச்டிஎம்ஐ கார்டை ஜிஎஸ்-இல் 3-இல் செருகச் சொல்வது இதனால்தான்.

ரேம் கார்டுக்கு ஜிஎஸ்-இல் தனி ஸ்லாட் உண்டு, அதிகபட்சம் 8 மெகாபைட். ஆனால் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று போகாதீர்கள். 4 மெகாபைட்டைத் தாண்டும் கார்டுகள் பல டிஎம்ஏ-வோடு ஒத்துப்போகாது. ஆப்பிளின் ஹை-ஸ்பீட் எஸ்சிஎஸ்ஐ கார்டு டிஎம்ஏ மூலம் நேரே ரேமில் எழுதும். ரேம் கார்டு ஒத்துழைக்காவிட்டால் ஃபைல் சத்தமில்லாமல் கெடும். பிழைச் செய்தி வராது என்பதுதான் இதில் கொடுமை. எஸ்சிஎஸ்ஐ கார்டின் சுவிட்சில் டிஎம்ஏ-வை அணைத்துவிட்டால் வேகம் குறையும், டேட்டா பிழைக்கும். 4 மெகாபைட் கார்டே பெரும்பாலோருக்குப் போதும், தொல்லையும் இல்லை.

கரண்ட்

2 பிளஸ், 2இ இரண்டிலும் எல்லாக் கார்டுக்கும் சேர்த்து ஆப்பிள் ஒதுக்கியது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், 12 வோல்ட்டில் 250. ஒரு கார்டுக்கு ஒன்றரை வாட் என்பது கணக்கு. பழைய சிப்புகள் நிறைந்த ரேம் கார்டு, ஆக்ஸிலரேட்டர், சாஃப்ட்கார்டு மூன்றும் ஒன்றாக உட்கார்ந்தால் இந்த வரம்பு தாண்டிவிடும். டிரைவ் மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் மெஷின் ரீசெட் ஆனால் கார்டைக் குறை சொல்லாமல், ஓடும்போது 25-ஆம் பின்னில் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள், 4.75-க்குக் கீழே போனால் ஒரு கார்டைக் கழற்றுங்கள் அல்லது பவர் சப்ளையை மாற்றுங்கள். மாற்று சப்ளை வாங்கும்போது -5, -12 இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள், சீரியல் கார்டுக்கு -12 வேண்டும்.

கார்டைச் செருகுமுன் 2இ போர்டில் உள்ள சிறிய சிவப்பு எல்இடி அணைந்திருக்க வேண்டும். அது எரிந்தால் பவர் இருக்கிறது. அந்த நிலையில் ஒரு கார்டை உருவினால் 12 வோல்ட் பின் பக்கத்து டேட்டா பின்னைத் தொட்டுவிடும், 50-உம் 49-உம் அடுத்தடுத்தவை.

அமெரிக்காவிலிருந்து 2இ வரவழைத்தால் சப்ளையின் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். 107 முதல் 132 வோல்ட் என்று இருந்தால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது. 100 வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், தொடர்ந்து ஓடும்போது மெஷினின் அதிகபட்சத் தேவை 60 வாட்தான். சப்ளைக்குள் மெயின்ஸ் பக்கத்தில் தேன் நிறத்தில் வெடிப்பு விட்ட ரிஃபா கெபாசிட்டர் இருந்தால், முதல் முறை ஆன் செய்யுமுன்பே மாற்றிவிடுங்கள். நாற்பது வருடப் பழசு அது. புகைவிடும், நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.